சாவி கைமாறும் நாளில் ஒரு சாசனம்

வாடகை வீட்டின் நிலையை நடுநிலையில் நின்று எழுதி வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இங்கிலாந்தில் உண்டு. அவர்களுடைய ஜாபிதா அந்நாட்டின் முன்பண வழக்குகளை எவ்வாறு தீர்க்கிறது, நமது சட்டத்திற்கு அது ஏன் அவசியம் என்பதை ஆராயும் சிறப்புக் கட்டுரை.

கடனாகக் கொடுத்த பணம் திரும்பி வரும்போது அதை எண்ணிப் பார்த்தால் விவகாரம் முடிந்துவிடும். இரவலாகக் கொடுத்த புத்தகம் திரும்பி வரும்போது ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால் போதும். ஆனால், தான் பாடுபட்டுக் கட்டிய வீட்டை மற்றொரு குடும்பத்தின் கையில் முழுமையாக ஒப்படைத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தபின் அதைத் திரும்பப் பெறுகிற ஒருவர், அங்கே காணும் குறைகளுள் எது முன்பே இருந்தது, எது புதிதாக வந்தது, எது காலத்தின் காரியம், எது கவனக்குறைவின் பலன் என்பதை எந்த ஆதாரத்தைக் கொண்டு நிர்ணயிப்பார்? குடியிருந்தவரும் அதே கேள்விக்கு எந்த ஆதாரத்தைக் கொண்டு பதில் சொல்வார்?

இருவரிடமும் இருப்பது ஞாபகம் ஒன்றுதான். ஞாபகமோ தனக்கு வேண்டியவர்களின் பக்கம் தன்னையறியாமலே சாய்ந்துவிடும் இயல்புடையது. வண்ணம் பூசிய அன்று வீடு எப்படிப் பளபளத்தது என்பது வீட்டுக்காரரின் மனத்தில் நிற்கும். வந்த முதல் வாரத்திலேயே குளியலறைக் குழாய் ஒழுகியது என்பது குடித்தனக்காரரின் மனத்தில் நிற்கும். இருவரும் சத்தியவந்தர்களாகவே இருக்கலாம்; இருந்தும் வழக்கு பிறக்கிறது. அந்த வழக்கில் பணத்தைக் கையில் வைத்திருப்பவரே நீதிபதியாகவும் அமர்ந்துவிட்டால், தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால், இரு தரப்பாரும் நல்லெண்ணத்தோடு இருக்கும் முதல் நாளிலேயே, இருவரையும் சாராத ஒருவரின் கையால் வீட்டின் நிலை எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நியாயத்திற்கு ஏற்ற வழியாகும். அந்த வழியில் நெடுந்தூரம் நடந்து பார்த்த தேசம் இங்கிலாந்து.

முன்பணம் யாருடையது?

முதல் உலகப் போர் முடிந்த 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குடும்பங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தனியாரிடம் வாடகைக்கே குடியிருந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், உள்ளாட்சி மன்றங்கள் கட்டித் தந்த வீடுகளும், சொந்த வீடு வாங்குவதற்கான கடன் வசதியும் பெருகப் பெருக அந்த விகிதம் குறைந்துகொண்டே வந்து, 1980களின் இறுதியில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே நின்றது. அதன்பின் 1989ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், வாடகையைச் சந்தையின் போக்கிற்கு விட்டு, குறுகிய காலக் குடித்தனங்களுக்கு வழி திறந்தது. வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது ஒரு முதலீடாகப் பரவியது. இன்று ஐந்தில் ஒரு குடும்பம் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. குடித்தனங்கள் பெருகியபோது முன்பணத் தகராறுகளும் பெருகின. துப்புரவு சரியில்லை என்றும், கம்பளம் கறைபட்டது என்றும் காரணம் காட்டி முன்பணம் பிடித்துவைக்கப்பட்டதாக எழுந்த முறையீடுகள் ஆண்டுதோறும் குவிந்தன.

இதற்குப் பரிகாரமாக 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி முதல் அமலாயிற்று. அதன்படி, வீட்டுக்காரர் தாம் வாங்கும் முன்பணத்தை அரசாங்கம் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ்க் கொண்டுவந்தே ஆக வேண்டும். டெபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்னும் மூன்று ஸ்தாபனங்கள் இப்பணியைச் செய்கின்றன. பணத்தை அவற்றிடமே ஒப்படைத்துவிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அல்லது பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, கட்டணம் செலுத்திக் காப்புறுதி பெறலாம். பணம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் இதைச் செய்யத் தவறியவருக்கு, முன்பணத்தைப் போல் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. முன்பணத்திற்கே ஒரு வரம்பும் பின்னர் வந்தது. ஆண்டு வாடகை ஐம்பதாயிரம் பவுனுக்குக் கீழே இருந்தால், ஐந்து வார வாடகைக்கு மேல் 2019ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து வாங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இத்துறையில் இங்கிலாந்துக்கு முப்பது ஆண்டுகள் முன்னோடி. 1977ஆம் ஆண்டிலேயே வாடகை முன்பணத்தைப் பாதுகாக்கும் அரசாங்க வாரியத்திற்கு அங்கே சட்டம் இயற்றப்பட்டது.

பாதுகாப்புத் திட்டத்தைவிட ஆழமான மாறுதல் ஒன்றும் இங்கிலாந்தின் இச்சட்டத்தால் விளைந்தது. முன்பணம் வீட்டுக்காரருடைய சொத்தன்று; அவர் தமது உரிமையை நிரூபிக்கும் வரையில் அது குடித்தனக்காரருடைய பணமே என்ற சித்தாந்தம் நடைமுறையில் நிலைபெற்றது. தகராறு நேர்ந்தால் இரு தரப்பாரின் சம்மதத்தோடு, கட்டணமின்றி, அத்திட்டம் நியமிக்கும் மத்தியஸ்தர் ஒருவர் தீர்ப்பளிக்கிறார். அவர் அந்த வீட்டுக்கு வருவதில்லை. யாரையும் நேரில் விசாரிப்பதும் இல்லை. அவர் முன் வைக்கப்படும் தஸ்தாவேஜுகளே அவருக்குக் கண்ணும் காதும். நிரூபிக்கும் பாரமோ வீட்டுக்காரரின் தோளில் இருக்கிறது. குடித்தனம் தொடங்கிய அன்று கம்பளம் எந்த நிலையில் இருந்தது என்று காட்டும் பத்திரம் அவரிடம் இல்லையென்றால், அது இன்று கரிந்து கிடப்பதைக் காட்டும் நூறு புகைப்படங்களும் அவருக்கு உதவுவதில்லை. வீட்டின் நிலையைப் பதிவு செய்யும் தொழில் அதற்கு முன்பே அந்நாட்டில் இருந்தது. சுயேச்சையான ஜாபிதா எழுத்தர்களின் சங்கம் 1996ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. என்றாலும், நல்ல வழக்கம் என்ற அளவில் இருந்த அந்தப் பணி, நிரூபிக்கும் பாரம் இடம் மாறிய பிறகே தவிர்க்க முடியாத தேவையாக உயர்ந்தது.

எழுத்தரின் வேலை

இன்வென்டரி கிளார்க் என்று அங்கே அழைக்கப்படும் இந்த எழுத்தர், பழைய குடித்தனக்காரர் வெளியேறி, புதியவரின் மூட்டை முடிச்சுகள் வந்து இறங்குவதற்கு முன்னால், காலியாக இருக்கும் வீட்டுக்குள் செல்கிறார். முதற்கண் மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றின் மீட்டர் எண்களைக் குறித்துப் படமும் எடுத்துக்கொள்கிறார். எத்தனை சாவிகள், எந்தெந்தப் பூட்டுக்கு உரியவை என்பதை வரிசைப்படுத்துகிறார். புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி ஒலி கேட்கிறதா என்று பார்க்கிறார்; குடித்தனம் தொடங்கும் நாளில் அக்கருவி வேலை செய்வதை வீட்டுக்காரர் உறுதி செய்ய வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு முதல் விதி இருக்கிறது.

பிறகு அறை அறையாக ஆய்வு தொடங்குகிறது. ஒவ்வோர் அறையிலும் கதவு, நிலை, கூரை, சுவர், விளக்கு, சன்னல், திரை, வெப்பமூட்டி, தரை, மேசை நாற்காலி என்று ஒரே கிரமத்தில் அவருடைய பார்வை செல்கிறது. குடித்தனம் முடியும் நாளிலும் அதே கிரமத்தில் மறுபடி பார்த்து ஒப்பிட வேண்டியிருப்பதால் இந்த ஒழுங்கு அவசியமாகிறது. பொருளின் நிலை வேறு, அதன் துப்புரவு வேறு என்பதை அவர் மறப்பதில்லை. அடுப்பு பழுதில்லாமல் இருக்கலாம், ஆனால் அதன் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடக்கலாம்; இரண்டையும் தனித்தனியே எழுதினால்தான் பின்னர் பயன்படும். மத்தியஸ்தர்களிடம் வரும் தகராறுகளுள் துப்புரவு பற்றியவையே முதலிடம் வகிக்கின்றன என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

சொற்களில் அவர் காட்டும் கண்டிப்பு நம் கவனத்திற்கு உரியது. ‘சுவர் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதி நிறுத்திவிடுவது பொறுப்பாகாது, ‘சன்னலுக்கு இடப்புறச் சுவரில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளக் கீறல் ஒன்று, கதவின் பின்புறம் ஆணித் துளை இரண்டு’ என்று எழுதுவதே பதிவாகும். கண்ணால் கண்டதையே அவர் எழுதுகிறார். கம்பளத்தில் இஸ்திரிப் பெட்டியின் தடம் இருந்தால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று எழுதுவாரேயன்றி, யார் சுட்டார்கள் என்று ஊகிக்க மாட்டார். கனமான அலமாரியை நகர்த்தவோ, பரணில் ஏறவோ, குழாய்களைக் கழற்றவோ அவர் கடமைப்பட்டவரல்லர். தாம் பார்க்காத இடங்கள் இவை என்று சொல்லிவிடுவதும் அவருடைய நேர்மையின் ஒரு பகுதியே. முன்னாளில் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிக்கொண்டே சென்று, வீடு திரும்பியபின் தட்டச்சு செய்தார்கள்; இப்போது கைப்பேசியிலேயே தேதியிட்ட நிழற்படங்களோடு அறிக்கை தயாராகிறது. ஆயினும் படம் மட்டும் போதாது என்பது இத்தொழிலில் ஊறியவர்களின் துணிபு. படத்தில் கறை தெரியும். அது எந்த அறையின் எந்த மூலை என்பதையும், கை வைத்தால் ஈரம் தட்டியதா என்பதையும் சொல்லத் தெரிந்தது எழுத்து.

அறிக்கையின் பிரதி புதிய குடித்தனக்காரரிடம் கொடுக்கப்படுகிறது. அதைப் படித்துப் பார்த்து, விடுபட்டவற்றைச் சேர்க்கவும், மாறுபட்டவற்றை ஆட்சேபிக்கவும் பெரும்பாலும் ஒரு வார அவகாசம் உண்டு. படிப்பிற்கும் வேலைக்கும் அந்நாடு செல்லும் நம் இளைஞர்களிடம் வலியுறுத்திச் சொல்ல வேண்டியது இதுவே: பெட்டிகளைப் பிரிக்கும் அவசரத்தில் அந்த அறிக்கையைப் படிக்காமலே கையெழுத்திட்டு விடாதீர்கள். அதில் எழுதப்படாத கீறல், நீங்கள் வெளியேறும் நாளில் உங்கள் கீறலாகிவிடும்.

இந்தச் செலவை யார் ஏற்பது என்பதிலும் ஒரு தர்மம் இருக்கிறது. முன்னர் இடைத்தரகு நிறுவனங்கள், வீட்டில் நுழையும்போது ஒரு கட்டணமும் வெளியேறும்போது ஒரு கட்டணமும் குடித்தனக்காரரிடமே வசூலித்து வந்தன. 2019ஆம் ஆண்டின் குடித்தனக் கட்டணச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. ஆதாரம் காட்ட வேண்டியவர் யாரோ அவரே ஆதாரத்தைத் தேடிக்கொள்ளும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு. வீட்டுக்காரர் தாமே அறிக்கை தயாரித்துக்கொள்ளவும் தடையில்லை. ஆனால் முடிவில் லாப நஷ்டம் உடைய ஒருவரின் எழுத்தைவிட, இரு பக்கமும் சாராத ஒருவரின் எழுத்துக்குக் கனம் அதிகம் என்பதில் ஐயமில்லை.

காலத்தின் காரியமும் கையின் காரியமும்

ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு, வாழாத வீட்டைப் போல் இருக்க முடியாது. நடந்து நடந்து கம்பளம் நைந்து போவதும், வெயில் பட்டுத் திரைச்சீலை வெளுப்பதும், நாற்காலி உராய்ந்து சுவரில் மங்கல் விழுவதும் வாழ்க்கையின் இயற்கை. நியாயமான தேய்மானம் என்று சட்டம் ஒதுக்கி வைத்திருப்பது இதைத்தான். இதற்குக் குடித்தனக்காரர் பொறுப்பாளி அல்லர். ரீஜிஸ் பிராப்பர்ட்டி நிறுவனத்திற்கும் டட்லி என்பவருக்கும் நடந்த வழக்கில் பிரபுக்கள் சபை இதன் எல்லையைத் தெளிவாக்கியது. சாதாரணப் புழக்கத்தாலும் இயற்கையின் சக்திகளாலும் நேரும் தேய்வு மன்னிக்கப்படுகிறது. ஆனால் அந்தத் தேய்விலிருந்து மேலும் ஒரு சேதம் விளையுமானால், அதைத் தடுப்பதில் குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. கூரையின் ஓடு ஒன்று காற்றில் நழுவியதற்கு அவர் பொறுப்பல்லர். அந்த வழியாக மழை இறங்கி வீட்டைக் கெடுப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பொறுப்பாவார்.

சேதம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னும், பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. 600 பவுன் விலையுள்ள, பத்து ஆண்டுகள் உழைக்கக் கூடிய ஒரு கம்பளம், ஆறு ஆண்டுகள் உழைத்தபின் கரிந்து போனால், எஞ்சிய நான்கு ஆண்டுகளுக்குரிய 240 பவுனே நஷ்டம் என்று மத்தியஸ்தர் கணக்கிடுவார். வீட்டில் எத்தனை பேர் இருந்தனர், குழந்தைகள் இருந்தார்களா, பொருளின் தரம் எப்படிப்பட்டது என்பனவும் கணக்கில் சேரும். வீட்டுக்காரர் நஷ்டப்படவும் கூடாது, குடித்தனக்காரரின் செலவில் முன்னைவிட மேலான நிலைக்கு உயரவும் கூடாது. எத்தனை நேர்த்தியான நியாயம்! ஆனால் இந்தக் கணக்கின் முதல் இலக்கமே, தொடக்க நாளில் அக்கம்பளத்தின் வயதும் நிலையும் என்னவென்பதுதான். அந்த இலக்கம் எழுதப்படாத இடத்தில் இந்த நியாயம் முழுவதும் ஏட்டிலேயே உறங்கிவிடுகிறது.

இடையில் ஒரு பார்வை

குடித்தனம் நடந்துகொண்டிருக்கும் காலத்திலும், மூன்று அல்லது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு நடத்துவது அங்கே வழக்கம். 1985ஆம் ஆண்டின் சட்டப்படி இருபத்துநான்கு மணி நேரத்திற்கு முன்பாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாடகை கொடுப்பவருக்கு அந்த வீட்டில் நிம்மதியாக வாழும் உரிமை இருப்பதால், ஆய்வாளர் வேவு பார்ப்பவராக நடந்துகொள்ள இடமில்லை. குடும்பத்தாரின் அந்தரங்கப் பொருள்கள் படத்தில் விழாமல் காப்பது அவர் கடமை. அவர் தேடுவது, தொட்டிக்கு அடியில் கசிவு உண்டா, சன்னலோரத்தில் பூஞ்சணம் படர்கிறதா, காற்றுப்போக்கி அடைபட்டிருக்கிறதா என்பவற்றையே.

இந்த ஆய்வை வீட்டுக்காரரின் பொருளைக் காக்கும் உபாயமாக மாத்திரம் கருதுவது பெருந்தவறு என்பதை ராச்டேல் நகரில் நிகழ்ந்த ஒரு துயரம் உலகுக்கு உணர்த்தியது. அங்கே வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மரணமடைந்தது. வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022ஆம் ஆண்டு நவம்பரில் மரண விசாரணை முடிவு கூறியது. 2017ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றி முறையிட்ட தந்தைக்குக் கிடைத்த ஆலோசனை, அதன்மேல் வண்ணம் பூசிவிடுங்கள் என்பதே. சமூக வீடுகளில் அபாயமான ஈரமும் பூஞ்சணமும் குறித்த காலத்திற்குள் ஆராயப்பட்டுச் சீர்செய்யப்பட வேண்டும் என்று அக்குழந்தையின் பெயரால் வழங்கும் விதிகள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அமலுக்கு வந்தன. அவற்றைத் தனியார் வாடகை வீடுகளுக்கும் விரிப்பதற்கு, அதே ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஒரு சுவரின் ஈரத்தை உரிய காலத்தில் பார்த்து, எழுதி, அந்த எழுத்தை மதித்து நடப்பது ஓர் உயிரைக் காக்கும் செயலாக இருக்கக் கூடும். இதை அறிந்தபின் எந்த ஆய்வையும் வெறும் சடங்காகக் கருத மனம் வராது.

நமது சட்டம் எதிர்பார்க்கும் பதிவு

இவையெல்லாம் அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று ஒதுக்குவதற்கில்லை. குடியிருந்தவர் வீட்டைத் தாம் பெற்ற நிலையிலேயே, நியாயமான தேய்மானத்திற்கு விலக்களித்து, திருப்பித் தர வேண்டும் என்ற கோட்பாடு 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே நம் நாட்டில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டமும் அதையே கூறுகிறது. வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும்.

அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை ஒவ்வொரு குடித்தனக்காரரும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும், கட்டுமானப் பழுதுகளும், பெரிய குழாய் வேலைகளும், மின் கம்பி மாற்றுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. திருகுக் குழாய் மாற்றுவதும், சாக்கடை அடைப்பு நீக்குவதும், சுவிட்சும் பூட்டும் பழுது பார்ப்பதும், உடைந்த கண்ணாடியை மாற்றுவதும் குடித்தனக்காரரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில் இதுவே விதி. ஆனால் சென்னையில் நடப்பது என்ன? பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்குவதும், காலி செய்யும்போது பெயிண்டிங் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் சம்பிரதாயமாகவே ஊறிப்போயிருக்கின்றன. சுவர் அழுக்கானதா இல்லையா, எத்தனை ஆண்டுகளுக்கு முன் வர்ணம் பூசப்பட்டது என்ற விசாரணைக்கே அங்கு இடமில்லை. வெள்ளையடித்த வீட்டுக்குள் வந்தவரிடமும், பழைய வர்ணத்தோடு வந்தவரிடமும் ஒரே தொகை பிடிக்கப்படுகிறது. முன்பணமோ மூன்றாவது ஸ்தாபனம் எதனிடமும் இல்லை. தர வேண்டியவரின் கையிலேயே இருக்கிறது.

மறுபுறம், தம் ஆயுட்காலச் சேமிப்பில் கட்டிய ஒரே வீட்டின் வாடகையை நம்பி வாழும் ஓய்வு பெற்றவர், குளியலறைத் தொட்டி உடைந்தும் மின்சாரக் கட்டணம் செலுத்தப்படாமலும் வீட்டைத் திரும்பப் பெற்று வருந்துவதும் உண்மையே. அவருக்கும் ஆதாரம் இல்லை. பதிவில்லாத முறை இரு தரப்பிலும் நல்லவர்களையே தண்டிக்கிறது.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தோடு, அறைவாரியாக எழுதிய ஒரு ஜாபிதாவை இணைத்து, தேதியிட்ட நிழற்படங்களுடன் இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மின் மீட்டரின் அளவு, சாவிகளின் எண்ணிக்கை, மின்விசிறி, நீர் சூடேற்றும் கருவி, குழாய்கள் ஆகியவற்றின் நிலை, கடைசியாக வர்ணம் பூசிய மாதம், மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவர் எது என்பன அதில் இடம்பெற வேண்டும். சொத்து மேலாளர் என்ற பதவியைத் தமிழ்நாட்டுச் சட்டமே அங்கீகரித்து, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவதை அவருடைய கடமைகளுள் ஒன்றாக்கியிருக்கிறது. ஆனால் அவர் வீட்டுக்காரரின் பிரதிநிதி. இரு தரப்பிற்கும் பொதுவான எழுத்தர்கள் நம் நகரங்களில் தோன்றுவதற்கும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் வாடகை அதிகார அமைப்பு இத்தகைய ஜாபிதாவையும் உடன் கேட்டுப் பெறுவதற்கும் காலம் கனிந்துவிட்டது.

முதல் நாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று தயங்குகிறவர்கள் நம்மிடையே பலர். அந்தத் தயக்கத்திற்குக் காரணம் நற்பண்பே எனினும், அதன் பலன் நற்பலனன்று. எழுதாமல் விட்ட ஒவ்வொரு விஷயமும் பின்னொரு நாள் இருவருள் ஒருவரைப் பொய்யராக்கிக் காட்டுகிறது. எழுதி வைத்த விஷயமோ இருவரின் மானத்தையும் ஒருங்கே காக்கிறது. வீட்டை விடுகிறவரும் எடுக்கிறவரும் பகைவர்களாகாமல் பிரிய வேண்டுமானால், அவர்கள் நண்பர்களாக இருக்கும் நாளிலேயே ஒன்றாக நடந்து, ஒன்றாகப் பார்த்து, ஒன்றாகக் கையெழுத்திட வேண்டும். அதைச் செய்ய அரை நாள் போதும்.